காத்தாடியும் கரியும்: அரசாங்கக் கொள்கை ஆடினால் நாட்டின் புகை கூடுமா?

"அண்ணாச்சி, நாம மண்புழுவையும் பஞ்சகவ்யத்தையும் பேசுற ஆளுக. கரண்டு, கார்பன், கொள்கைன்னு நமக்கு எதுக்கு?" போன மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் படித்தவன் நான். அதனால் கணக்கு கொஞ்சம் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம்ம ஊர்க் காற்றிலிருந்து தொடங்குவோம். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கிறது. அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரத்தை இழந்து, வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் என்று அடித்துக்கொண்டு போகிறது. நமக்குக் கார் நெல்லையும் வாழையையும் சாய்க்கிற காற்று அது. அந்தப் பக்கத்து மானாவாரி நிலத்தில் வரிசையாக நிற்கிற காற்றாலைகளுக்கு, நம்ம பேச்சில் காத்தாடிகளுக்கு, அதுதான் அறுவடை. மே கடைசி முதல் செப்டம்பர் வரை உள்ள சில மாதங்களில்தான் வருஷ மின்சாரத்தில் பெரும்பங்கு வந்துவிடும். சீசன் உச்சத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் காற்றிலிருந்து வந்த நாட்கள் உண்டு.

அந்த ஒவ்வொரு யூனிட்டும் நாட்டின் புகைக் கணக்கில் எப்படி ஏறுகிறது? இந்திய மின்கட்டமைப்பில் சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. காரணம் நிலக்கரி. பத்து யூனிட்டில் ஏழுக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஒரு மெகாவாட் காற்றாலை, வருஷத்தில் கால்வாசித் திறனுக்கு ஓடினால், சுமார் 22 லட்சம் யூனிட் தரும். அதை 0.72-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,580 டன். ஒரு மெகாவாட் காத்தாடி நின்றால் வருஷத்துக்கு அத்தனை டன் புகை மிச்சம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2025 ஜூனில் இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் இல்லாதது என்ற நிலையை எட்டினோம் என்று செய்தி வந்தது. 2030-க்கு வைத்த இலக்கு அது. ஐந்து வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் திறன் என்பது நிலத்தின் பரப்பு மாதிரி. யூனிட் என்பது மகசூல். பத்து ஏக்கர் மானாவாரியும் பத்து ஏக்கர் நஞ்சையும் பரப்பில் சமம், களத்தில் சமமா? சூரியத் தகடு பகலில் மட்டும் விளைகிறது, காத்தாடி சீசனில் விளைகிறது. நிலக்கரி நிலையமோ ராத்திரி பகலாக ஓடுகிறது. அதனால்தான் பரப்பு பாதி ஆன பிறகும் மகசூலில் நிலக்கரி பெரும்பங்கு.

இன்னொன்று. தேவை கூடிக்கொண்டே போகிற நாட்டில், புதிதாக வருகிற தூய மின்சாரம் முதலில் அந்தக் கூடுதல் தேவையைத்தான் ஈடுகட்டும். பழைய புகை குறைய வேண்டுமென்றால், தேவை வளர்வதைவிட வேகமாகத் தூய மின்சாரம் வளர வேண்டும். அந்த ஓட்டத்தில் ஒரு வருஷம் தடுக்கி விழுந்தாலும் அந்த இடத்தை நிலக்கரிதான் நிரப்புகிறது. தடுக்கி விழ வைப்பது எது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நம்ம மாநிலத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் மின்வாரியம் சோதனைக் காற்றாலைகளை நிறுவியது. பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று விரிந்தது. தனியார் ஓடிவந்ததற்குக் காரணம் காற்று மட்டுமல்ல, வருமான வரிச் சட்டத்திலிருந்த துரிதத் தேய்மானச் சலுகையும்தான். தொண்ணூறுகளில் முதல் வருஷமே 100 சதவீதம் தேய்மானம் எழுதலாம். பிறகு 80 சதவீதம் ஆனது. ஆறு கோடி ரூபாய்க் காற்றாலை என்றால் முதல் வருஷமே 4.8 கோடியை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி கட்டுகிற நூற்பாலைக்கு அதில் மட்டும் 1.44 கோடி மிச்சம். வரிக்காகக் காத்தாடி வைத்தவர்கள் பலர்; காற்று எப்படி வருகிறதென்று பார்க்காமல் வைத்தவர்களும் உண்டு. அந்தச் சலுகையில் ஓட்டை இருந்தது உண்மை. அதைச் சரிசெய்யத்தான், உற்பத்தியான யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை என்ற திட்டம் 2009 டிசம்பரில் வந்தது. நல்ல யோசனை: மரத்தை நட்டதற்குக் காசு கொடுக்காமல் காய்த்ததற்குக் கொடுப்பது.

2012 மார்ச்சோடு இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன. என்ன ஆனது? 2011-12ல் நாடு முழுக்கச் சுமார் 3,200 மெகாவாட் புதிய காற்றாலை நிறுவப்பட்டது. அடுத்த வருஷம் ஏறத்தாழ 1,700. பாதி. பிறகு 2013 பட்ஜெட்டில் ஊக்கத்தொகை திரும்பி வந்தது, 2014 ஜூலையில் தேய்மானச் சலுகை திரும்பி வந்தது, 2017 ஏப்ரலிலிருந்து அதை 40 சதவீதமாகக் குறைத்தார்கள். இதற்கு நடுவே 2017 பிப்ரவரியில் காற்றாலைக்கு முதல் தேசிய ஏலம். அதுவரை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை. தமிழ்நாட்டில் யூனிட்டுக்கு 4.16 ரூபாய். ஏலத்தில் 3.46 வந்தது. அந்த வருஷ முடிவுக்குள் குஜராத் ஏலத்தில் 2.43. மாநில மின்வாரியங்கள் எல்லாம், "இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது பழைய விலைக்கு எதற்கு ஒப்பந்தம்" என்று கையைக் கட்டிக்கொண்டன. 2016-17ல் சுமார் 5,500 மெகாவாட் நிறுவிய நாடு, 2017-18ல் நிறுவியது 1,766. அதற்கப்புறமும் எழவில்லை. 2021-22ல் 1,110 வரை இறங்கி, 2024-25ல்தான் 4,150 என்று தலைதூக்கியது.

விலை குறைந்தது தப்பில்லை, மலிவான மின்சாரம் எல்லோருக்கும் நல்லதுதான். மாறுகிற விதத்தைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன். நெல்லுக்கு இந்த வருஷம் ஆதார விலை, அடுத்த வருஷம் நடுவில் ஏலம் என்றால் நாற்று விட்டவன் என்ன செய்வான்?

அந்த ஒரு வருஷச் சரிவின் புகை எவ்வளவு? 5,500-க்கும் 1,766-க்கும் இடையில் 3,700 மெகாவாட்டுக்கு மேல். மெகாவாட்டுக்கு 1,580 டன் என்றால் வருஷத்துக்கு ஏறத்தாழ 59 லட்சம் டன். இந்தியாவின் மொத்தக் கரியமில வாயு வருஷத்துக்குச் சுமார் 300 கோடி டன் என்பதால் இது ஆயிரத்தில் இரண்டு பங்குதான். "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் காத்தாடியின் ஆயுள் இருபது, இருபத்தைந்து வருஷம். ஒரு வருஷம் நடாமல் விட்டது அத்தனை வருஷமும் குறையாக நிற்கும். அடுத்தடுத்த வருஷங்களும் சேர்ந்தால் குறை அடுக்காக ஏறும். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும்: அந்த வருஷங்களில் சூரிய மின்சாரம் வேகமாக வளர்ந்து ஒரு பகுதியை ஈடுகட்டியது. ஆனாலும் ஆடி மாத ராத்திரியில் சூரியத் தகடு என்ன செய்யும்? அந்த நேரத்துக்குக் காற்றுதான்.

கொள்கை ஆடினால் வங்கியில் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நிலக்கரி நிலையத்துக்குச் செலவு இரண்டு வகை: கட்டுகிற செலவு, பிறகு ஆயுள் முழுக்க நிலக்கரி வாங்குகிற செலவு. காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவு கிடையாது. ஏறத்தாழ எல்லாச் செலவும் முதல் நாளே. அதாவது தூய மின்சாரம் என்பது கடனால் விளைகிற பயிர். வட்டி ஏறினால் முதலில் அடிபடுவது அதுதான். கணக்குக்கு ஒரு மெகாவாட் ஆறு கோடி, அதில் 70 சதவீதம், 4.2 கோடி, கடன் என்று வைப்போம். 15 வருஷத் தவணை. 9 சதவீத வட்டி என்றால் வருஷத் தவணை சுமார் 52 லட்சம். 11 சதவீதம் என்றால் சுமார் 58.4 லட்சம். வித்தியாசம் 6.3 லட்சம், 22 லட்சம் யூனிட்டில் வகுத்தால் யூனிட்டுக்கு 29 பைசா. மூன்று ரூபாய்க்கு விற்கிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு! காற்று குறையவில்லை, இயந்திரம் மாறவில்லை, வெறும் சந்தேகத்துக்கு 29 பைசா.

அந்த இரண்டு சதவீதத்தை வங்கி ஏன் கூட்டும்? கடன் கொடுக்கிறவன் கேட்பது ஒரே கேள்வி: காசு சொன்ன நாளில் வருமா? 2019 ஜூலையில் ஆந்திரத்தில் புதிய அரசு வந்து, முந்தைய அரசு காற்று, சூரிய மின் நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்த விலைகளை மறுபடி பேச வேண்டும் என்று குழு போட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2022 மார்ச்சில்தான் ஒப்பந்த விலையையே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இடையில் இரண்டரை வருஷம். கையெழுத்துப் போட்ட பத்திரத்துக்கே இந்தக் கதி என்றால், அடுத்த கோப்பு மேசைக்கு வரும்போது எந்த அதிகாரியும் பேனாவை மெதுவாகத்தான் எடுப்பார். நம்ம தமிழ்நாட்டிலும் காற்றாலைக்காரர்களுக்கு மின்வாரியப் பாக்கி மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் நின்றதுண்டு. 2022-ல் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்து பழைய பாக்கியைத் தவணையாகக் கட்டவைத்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் தெளிந்தது.

நம்மூருக்கே உரிய இன்னொரு ஏற்பாடு, அதன் பெயரைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்: மின்சார வங்கி. சீசனில் காத்தாடி தருகிற உபரி யூனிட்டை வாரியத்தில் 'போட்டு' வைத்து, காற்று இல்லாத மாதங்களில் ஆலைக்காரர் 'எடுத்து'க் கொள்ளலாம். வாரியம் அதில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருஷக் கணக்கு. 2018-ல் மாநில ஒழுங்குமுறை ஆணையம், அந்த மார்ச்சுக்குப் பிறகு வருகிற காற்றாலைகளுக்கு இந்த ஒரு வருஷத்தை ஒரு மாதமாகச் சுருக்கியது. விவகாரம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு: ஆடியில் மலிவாகக் கிடைக்கிற யூனிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மாசியில் விலை கூடிய யூனிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நஷ்டம் யார் தலையில்? ஆனால் ஆடியில் விளைந்ததை ஆவணிக்குள் தின்று தீர்க்க வேண்டும் என்றால் எவன் குதிர் கட்டுவான்?

பழைய காத்தாடிகள் விஷயமும் இப்படித்தான். கணவாய்க் காற்று நேராக அடிக்கிற நல்ல இடங்களில் எல்லாம் 225, 250 கிலோவாட் சின்ன இயந்திரங்கள் நிற்கின்றன. இப்போது வருகிறவை இரண்டு, மூன்று மெகாவாட். பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தால் அதே நிலத்தில் பல மடங்கு யூனிட். இதற்கென்று 2024-ல் தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. அதிலிருந்த கட்டணங்களை எதிர்த்து ஆலைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். நீண்ட காலம் நாட்டிலேயே காற்றாலையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் நாம். இப்போது குஜராத் முந்திவிட்டது.

இது நம்ம நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் காற்றாலைக்கு யூனிட் கணக்கில் வரிச்சலுகை இருந்தது. அது சில வருஷத்துக்கு ஒருமுறை காலாவதியாவதும், மறுபடி நீட்டிப்பதுமாக இருந்தது. முடியப்போகிறது என்ற பயத்தில் 2012-ல் 13,000 மெகாவாட் நிறுவினார்கள். அடுத்த வருஷம் வெறும் ஆயிரத்துச் சொச்சம். பாரிஸ் ஒப்பந்தத்தில் சேர்வதும் விலகுவதுமாக அந்த நாடு நடத்துகிற ஆட்டம் பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இந்த 'ஆட்டத்தை' அளக்க முடியுமா? பேக்கர், புளூம், டேவிஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பத்திரிகைகளில் பொருளாதாரம், அரசின் கொள்கை, நிச்சயமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்து வருகிற செய்திகள் மாதத்துக்கு எத்தனை என்று எண்ணி ஒரு குறியீடு போடுகிறார்கள். இந்தியாவுக்கும் ஆங்கிலப் பத்திரிகைகளை வைத்து அப்படி ஒன்று உண்டு. அந்தக் குறியீட்டை நாடுகளின் கார்பன் உமிழ்வோடு ஒட்டிப் பார்க்கிற ஆய்வுகள் இப்போது நிறைய வருகின்றன. முடிவுகள் எல்லா நாட்டுக்கும் ஒன்றாக இல்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. நிச்சயமின்மை கூடினால் தொழிலதிபர் புதுத் தொழிற்சாலையே கட்டமாட்டார். உற்பத்தி குறையும், புகையும் குறையும். அதே நேரம் பழைய கொதிகலனை, பழைய மோட்டாரை மாற்றவும் மாட்டார், தூய மின்சாரத்தில் பணமும் போடமாட்டார், புகை கூடும். எது மிஞ்சுகிறது என்பது நாட்டையும் காலத்தையும் பொறுத்தது. என் அபிப்பிராயம்: முதல் விளைவு தற்காலிகம். மந்தம் தீர்ந்ததும் ஆலை ஓடும். இரண்டாவது விளைவுதான் இருபது வருஷம் நிற்கும்.

சரி, நம்ம கிணற்றுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1989-90லும் இலவச மின்சாரம் வந்தது. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து எழுந்த, பெருமாநல்லூரில் உயிர் கொடுத்த விவசாயிகள் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் இணைப்பு கிடைப்பது? 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புது இணைப்புத் திட்டத்தை அரசு தொடங்கியபோது, நான்கரை லட்சம் பேர் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்ததாக அரசே சொன்னது. காத்திருக்கிறவர் என்ன செய்கிறார்? டீசல் இன்ஜின் ஓட்டுகிறார். இன்னொரு பக்கம் சூரிய மோட்டார் பம்புக்கு மானியம். ஒரு காலத்தில் 90 சதவீதம் என்றார்கள், பிறகு 70, பிறகு பொதுப்பிரிவுக்கு 60. இப்படி மாறுவதைப் பார்த்துவிட்டு நம்மாளுக, "பொறுப்போம், தேர்தலுக்கு முன்னால கூட்டுவாங்க" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பொருளாதார நிபுணர் சொல்கிற கொள்கை நிச்சயமின்மை என்பது திண்ணையில் உட்கார்ந்து இப்படித்தான் பேசும்.

அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை போடுங்கள். ஐந்து குதிரைசக்தி டீசல் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். நாளுக்கு ஆறு மணி நேரம், வருஷத்தில் 200 நாள் என்றால் 1,200 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு, வருஷத்துக்கு 3.2 டன். மூன்று வருஷம் காத்திருந்தால் மூன்று லட்சத்து முப்பதாயிரம் ரூபாயும், கிட்டத்தட்ட பத்து டன் புகையும். மானியம் பத்து சதவீதம் கூடினாலும் இந்தத் தொகையைப் பிடிக்காது. ஆகவே இன்று டீசல் ஓட்டுகிறவருக்கு என் யோசனை: இருக்கிற மானியத்தில் போடுங்கள். இலவச இணைப்பு ஏற்கெனவே உள்ளவர் அவசரப்பட வேண்டியதில்லை. இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை, சூரிய பம்பு காசில்லாமல் பகலெல்லாம் ஓடும். மூடாக்கும் சொட்டுநீரும் இல்லாத தோட்டத்தில் அது கிணற்றை நக்கிவிடும். கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம்ம இயற்கை வேளாண்மையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த 2020-ஆம் வருஷக் கணக்கில் பசுங்குடில் வாயுக்களில் நான்கில் மூன்று பங்கு எரிசக்தி, ஏறத்தாழ 14 சதவீதம் வேளாண்மை. யூரியா செய்ய இயற்கை எரிவாயு. வயலில் போட்ட பிறகு அதிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடாக்கும். யூரியாவை விட்டவர் இரண்டு இடத்தில் புகையை மிச்சப்படுத்துகிறார். ஆனால் கொள்கை ஆடினால் நாமும் விழுவோம். இலங்கையில் 2021 ஏப்ரல் கடைசியில் ரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். தொழு உரம் இல்லை, பயிற்சி இல்லை, பழகுவதற்குப் போகம் இல்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன. நவம்பரில் தடையை விலக்கினார்கள். இன்றைக்கும் இயற்கை விவசாயம் என்று வாயெடுத்தால், "இலங்கையில என்னாச்சு தெரியும்ல?" என்று கேட்கிறார்கள். கெட்டுப்போனது இயற்கை உரத்தால் இல்லை, ஏழு மாதத்தில் போய்த் திரும்பிய ஆணையால். தமிழக அரசின் இயற்கை வேளாண் கொள்கை 2023 மார்ச்சில் வந்தது. அதில் நமக்குக் குறைகள் உண்டு, கேட்போம். ஆனால் வருஷா வருஷம் மாற்றாமல் பத்து வருஷம் அதை நடத்துங்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கடைசியாக, காகித விஷயம். 2023 ஜூனில் மத்திய அரசு கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது; 2024 ஜனவரியில் வேளாண்மைக்கான தன்னார்வக் கார்பன் சந்தைக்கு ஒரு வரைமுறை வந்தது. இதன் பெயரைச் சொல்லிக்கொண்டு தரகர்கள் ஊருக்குள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். சூரியப் பண்ணைக்கும் காற்றாலைக்கும் நிலம் கேட்டும் வருகிறார்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலதைப் பாருங்கள். ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா? எத்தனை வருஷம், நடுவில் நீங்கள் வெளியே வர முடியுமா, அவர்கள் மட்டும் வரலாமா? அரசு விதி மாறினால் நஷ்டம் யாருக்கு என்ற வாசகம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். குத்தகைப் பணம் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும்? அந்தக் குத்தகையை அடமானமாக வைத்து நிறுவனம் கடன் வாங்க உங்கள் சம்மதத்தைச் சேர்த்து எழுதியிருக்கிறார்களா? வண்டிப்பாதை போட்டால் உங்கள் ஓடையும் வரப்பும் என்ன ஆகும்? காத்தாடிக்கென்றால் இன்னொன்று: இருபத்தைந்து வருஷம் கழித்துக் கோபுரத்தைக் கழற்றி, அடியில் போட்ட காங்கிரீட்டைத் தோண்டி எடுத்து, மண்ணை மண்ணாகத் திருப்பிக் கொடுக்கிற செலவு யாருடையது, அதற்கு வங்கி உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.